விசைப்பலகையில் ஒரு மேடு

நம்மிடமுள்ள மடிக்கணினி ஆறாண்டுகளாக உழைத்து வருகிறது. கட்டுரைகள், கடிதங்கள், மெய்ப்புப் படிகள் என எத்தனையோ பக்கங்கள் அதன் வழியே போயிருக்கின்றன. சென்ற ஆண்டு மழைக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன்பிருந்து அது ஒரு விந்தை செய்யலாயிற்று. ‘மகள்’ என்று நாம் தட்டச்சிட்டால் ‘மக்கள்’ என்று திரையில் விழும். ‘பலி’ என்றால் ‘பல்லி’ வந்து நிற்கும்.

வேறு வேளையாயிருந்தால் சிரித்துவிட்டு அழித்து எழுதியிருப்போம். அப்போது நம் கையிலிருந்த வேலை அத்தகையதன்று. நம் பாட்டியார் அரபுத் தமிழில் எழுதி வைத்துச் சென்ற குறிப்பேடு ஒன்றைத் தமிழ் எழுத்தில் பெயர்த்துக்கொண்டிருந்தோம். தமிழை அரபு எழுத்துகளில் எழுதும் அம்முறை காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இலங்கையின் கரையோர ஊர்களிலும் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு வழங்கியது என்பது நம் வாசகர்களுக்குப் புதிய செய்தியன்று. இன்று அதைத் தடையின்றி வாசிப்போர் அருகிவிட்டனர். நம் குடும்பத்தில் அவ்வாறு வாசிக்க வல்லவர் எழுபத்தொன்பது வயதான நம் மாமி ஒருவரே. நாள்தோறும் மாலையில் ஒரு மணி நேரம் அவர் வாசிக்க, நாம் தட்டச்சிடுவோம். அதற்கு மேல் அவருடைய கண் ஒத்துழைப்பதில்லை. குறிப்பேட்டின் மையோ பழுப்பேறி, தாளின் நிறத்தோடு கலந்து வருகிறது.

பாட்டியார் அதில் சமையற் குறிப்பும் மருந்துக் குறிப்பும் மட்டும் எழுதவில்லை. யார் யாருக்கு என்ன கொடுத்தோம் என்னும் கணக்கும் எழுதியிருக்கிறார். ‘இந்தக் காதணி மூத்த மகளுக்கு’ என்று ஓரிடத்தில் வருகிறது. திரையிலோ ‘மூத்த மக்களுக்கு’ என்று பதிந்தது. ஒரு பெண்ணுக்கு உரியதாக எழுதிய பொருள் ஓர் எழுத்தால் பலருக்கும் உரியதாகிவிட்டது. நாளை மாமியும் இல்லாத காலத்தில் அந்தத் தமிழ்ப் படிதான் சான்று. மூலத்தோடு ஒத்துப் பார்க்க யார் இருப்பார்? சொல் ஒன்று வெறும் பிழையாகச் சிதைந்தால் கண்ணுக்குத் தப்பாது. வேறொரு நல்ல சொல்லாக மாறிவிட்டால் கண்டுபிடிப்பது அரிது.

எழுத்து ஏன் இவ்வாறு இரட்டித்தது என்பதை விளங்கிக்கொள்ள, நாம் பயன்படுத்தும் விசை முறையைச் சிறிது சொல்ல வேண்டும். 1999-ஆம் ஆண்டு தமிழக அரசு ஏற்றுக்கொண்ட ‘தமிழ்99’ என்னும் முறை அது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் அமைந்தவை. ஒரே மெய்யின் விசையை இருமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாகவே விழும். ‘க’வை இருமுறை தட்டினால் ‘க்க’ என்றாகும். தமிழில் ஒற்று இரட்டிக்கும் இடங்கள் மிகுதி. ஆதலால் இந்த ஏற்பாடு விரலுக்குப் பெரிய உதவி. நாமும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அதைப் போற்றி வருகிறோம். ஆயினும் விசை பழுதுபட்டு, ஒரு தட்டலை இரண்டாகப் பதியத் தொடங்கினால் அதே உதவி உபத்திரவமாகிவிடுகிறது. ‘மககள்’ என்று விழுந்திருந்தால் எந்தக் கண்ணும் பிடித்துவிடும். ‘மக்கள்’ என்று இலக்கணம் வழுவாமல் விழுந்ததை எந்தப் பிழை திருத்தியும் கேள்வி கேட்காது.

மாமிதாம் முதலில் ஐயப்பட்டார். தாம் வாசித்ததை அன்றன்றே நம்மைத் திருப்பி வாசிக்கச் சொல்லிக் கேட்பது அவர் வழக்கம். “என்ன வாப்பா, நான் வாசிச்சது ஒண்ணு, நீங்க எழுதினது ஒண்ணா இருக்கே” என்றார். அதன் பிறகே பலகையை உற்றுப் பார்த்தோம். பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. மேலிருந்து நோக்கினால் ஒன்றும் புலப்படாது. கணினியை மேசை விளிம்புக்கு இழுத்து, கண்ணை விசைகளின் மட்டத்திற்குத் தாழ்த்தி, எதிர்ப்புறம் ஒரு விளக்கை வைத்து நோக்க வேண்டும். அப்படி நோக்கியபோது நடுவிலுள்ள விசைகள் ஒரு சிறு மேடு போல எழும்பி நிற்பது தெரிந்தது. அரையடி அளவுகோலைக் குறுக்கே வைத்தோம். அது நடுவில் தங்கி இரு முனையிலும் ஆடியது. ‘க’, ‘ப’, ‘ல’ ஆகிய மூன்றும் அந்த மேட்டின் மேல் இருந்தன.

ஆங்கிலப் பலகையில் ‘எஃப்’, ‘ஜே’ என்னும் இரு விசைகளின் மேலும் சிறு தழும்பு ஒன்று இருப்பதை வாசகர்கள் தடவி அறிந்திருப்பார்கள். பார்க்காமலே விரல் தன் இருப்பிடத்தை அறிந்துகொள்வதற்கான அடையாளம் அது. தமிழ்99 முறையில் ‘எஃப்’ இருக்குமிடம் புள்ளிக்கு உரியது. ‘ஜே’ இருக்குமிடம் ‘ப’வுக்கு உரியது. அந்த மயிரிழைத் தழும்பையே விரல் உணருமானால், பலகை முழுதும் ஒரு மில்லிமீட்டர் உயர்ந்து நிற்பதை உணராதிருக்குமா? மடிக்கணினியில் ஒரு விசை அமிழும் ஆழமே பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டருக்குள்தான். அதில் ஒரு மில்லிமீட்டர் ஏற்றத்தாழ்வு என்பது படிக்கட்டில் ஒரு படி உயரம் மாறியிருப்பதைப் போன்றது. கால் இடறுவதைப் போல விரலும் இடறும்.

பழைய தட்டச்சுப் பொறி இவ்வகையில் ஒளிவுமறைவு அறியாதது. எழுத்தைத் தாங்கிய தண்டு சற்றே வளைந்தால் அந்த எழுத்து வரிக்கு மேலேயோ கீழேயோ நின்று தாளிலேயே தன் குறையைச் சொல்லிவிடும். ஒவ்வொரு பொறிக்கும் இத்தகைய குறைகள் தனித்தனி. எந்தக் கடிதம் எந்தப் பொறியில் அடிக்கப்பட்டது என்று அதைக்கொண்டே வல்லுநர் கூறுவர். ஆர்தர் கோனன் டாயில் 1891-இல் எழுதிய ஷெர்லாக் ஹோம்ஸ் கதையொன்றில் துப்புத் துலங்குவது இவ்வழியில்தான். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த ஆர். முத்தையா 1930-களில் தமிழுக்கென உருவாக்கிய தட்டச்சுப் பொறியின் வழிவந்தவற்றில், புள்ளிக்குரிய விசை தாளை நகர்த்தாது. புள்ளியை முதலில் அடித்து, அதே இடத்தில் மெய்யை அடிக்க வேண்டும். புள்ளி சற்று விலகினால் அடித்தவருக்கும் தெரியும், படித்தவருக்கும் தெரியும். கணினித் திரையிலோ எழுத்துகள் எப்போதும் அச்சுக் கோத்தாற்போல அழகாகவே நிற்கின்றன. பலகை எவ்வளவு கோணினாலும் வரி கோணுவதில்லை. பிழையைக்கூட அழகாகக் காட்டும் சாதனம் அது.

நம் தெருவுக்கு அருகிலுள்ள பழுதுபார்ப்புக் கடையில் முதலில் காட்டினோம். கடைக்காரர் இரு பெருவிரல்களாலும் மேட்டை அழுத்திப் பார்த்தார். “கீபோர்டு போயிடுச்சு, மாத்திடலாம்” என்று விலையும் சொல்லிவிட்டார். மூடியைத் திறந்து பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. நோய் எது என்று கேளாமலே மருந்து எழுதித் தரும் இந்த வழக்கம் கணினிக் கடைகளுக்கு மட்டும் உரியதன்று என்பதால் அவரை மட்டும் குறை கூறிப் பயனில்லை.

விசைகள் மேடு பள்ளமாவதற்குக் காரணங்கள் பல. ஒரே ஒரு விசை கோணியிருந்தால் பெரும்பாலும் அது அற்ப விஷயம். ஒவ்வொரு விசைக்கும் அடியில் கத்தரிக்கோல் போலக் குறுக்கிட்டு மடங்கும் இரு பிளாஸ்டிக் சட்டங்களும், அவற்றின் நடுவே கவிழ்த்த கிண்ணம் போன்ற ஒரு ரப்பர்க் குமிழும் இருக்கின்றன. சட்டத்தின் ஒரு காது கொக்கியை விட்டு விலகினாலும், ஒரு ரொட்டித் துகள் புகுந்தாலும் விசை ஒருபக்கம் சாயும். இடைவெளி விசை, ‘என்டர்’ விசை போன்ற நீண்டவற்றின் அடியில் ஒரு கம்பியும் உண்டு. அது கொக்கியில் இல்லாவிட்டால் ஒரு முனை உயர்ந்து நிற்கும். விசையைப் பதமாக நெம்பி எடுத்து, துடைத்து, மீண்டும் அமர்த்தினால் போதும். ஆனால் பல விசைகள் ஒருசேர எழும்பினால் காரணம் விசைகளில் இல்லை. அவற்றின் அடியில் இருக்கிறது. அளவுக்கு மீறி நீண்ட திருகாணியைக் கீழிருந்து முடுக்கியிருக்கலாம். நாடா போன்ற கம்பி வடம் மடிந்து கிடக்கலாம். பலகையை மேல் மூடியோடு பிணைக்கும் முளைகள் அறுந்திருக்கலாம். இவற்றையெல்லாம்விட அஞ்சத்தக்கது, மின்கலம் உப்புவது.

சென்னையில் மின்னணுப் பொருள் என்றால் ரிச்சி தெரு என்பது ஊரறிந்தது. அண்ணா சாலையை ஒட்டிய அந்தக் குறுகிய தெருவில், படிக்கட்டின் கீழ் ஒரு மேசையும் ஒரு விளக்கும் வைத்திருந்த இளைஞர் ஒருவரிடம் நண்பர் நம்மை அழைத்துச் சென்றார். அவர் பலகையைத் தொடவே இல்லை. கணினியை மூடி, கண்ணாடி மேசைமேல் வைத்து ஒரு மூலையைத் தட்டினார். அது தொட்டில் போல ஆடியது. பக்கவாட்டு இணைப்பில் நகம் நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி. கீழேயுள்ள தொடுதளத்தை அழுத்தினார். அது அமிழ மறுத்தது.

“பாய், இது கீபோர்டு பிரச்சினை இல்லை. உள்ளே பேட்டரி உப்பியிருக்கு. கீபோர்டை மேலேயிருந்து அழுத்தியிருந்தா ஆபத்து. இனிமே சார்ஜ் போடாதீங்க” என்றார்.

அடி மூடியில் ஒன்பது திருகாணிகள். முன்பக்கத்து இரண்டு மற்றவற்றைவிடக் குட்டையானவை. ஒரு தாளில் கணினியின் வடிவத்தைக் கோடாக வரைந்து, கழற்றிய ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் குத்தி வைத்தார். இந்த ஒழுங்கைக் கண்டதும் அவர்மேல் நமக்கு நம்பிக்கை பிறந்தது. மூடி திறந்தபோது, கறுப்பு உறையிட்ட மின்கலம் தலையணை போலப் பருத்திருந்ததைக் கண்டோம். அதன் முதுகு பலகையின் அடித்தகட்டை மேல்நோக்கி முட்டிக்கொண்டிருந்தது.

லித்தியம் அயனி மின்கலம் 1991-இல் சோனி நிறுவனத்தின் வாயிலாகச் சந்தைக்கு வந்தது. அதற்கு வழி வகுத்த குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. பழைய தடித்த மடிக்கணினிகளில் இருந்தவை 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள உலோக உருளைகள். இரும்புறைக்குள் அடங்கியிருந்தமையால் அவை பருத்துக் காட்டுவதில்லை. கணினி மெலிய மெலிய உருளைக்கு இடமில்லாமற் போயிற்று. தட்டையான மென்பைகள் வந்தன. உள்ளே இருக்கும் கரிமத் திரவம் வெப்பத்தாலும், எந்நேரமும் முழு மின்னேற்றத்தில் கிடப்பதாலும், முதுமையாலும் மெல்லச் சிதையும். சிதையும்போது வாயு பிறக்கும். மென்பைக்கு அதை வெளியேற்ற வழியில்லை, ஆகவே உப்பும். உப்பியதைக் குத்தினாலோ மடக்கினாலோ உள்ளிருக்கும் மெல்லிய தடுப்புத் தாள் கிழிந்து, இரு முனைகளும் தொட்டுத் தீப்பற்றக்கூடும். ‘ஊசியால் குத்திக் காற்றை விட்டால் சரியாகும்’ என்று அறிவுரை சொல்வோரை நாமே கேட்டிருக்கிறோம். அத்தகையோரிடமிருந்து விலகி நிற்பது நலம்.

விசைகள் ஏன் இரட்டித்தன என்பதும் அப்போது விளங்கிற்று. விசைகளின் அடியில் மூன்று மெல்லிய படலங்கள் அடுக்கியிருக்கின்றன. மேலும் கீழும் உள்ளவற்றில் மின்கடத்தும் கோடுகள். நடுப்படலத்தில் விசைக்கொரு துளை. அழுத்தினால் அத்துளை வழியே மேலதும் கீழதும் தொட்டு எழுத்து பதியும். கீழிருந்து முட்டிய மின்கலம் படலங்களை ஏற்கெனவே அரைகுறையாக நெருக்கி வைத்திருந்தது. விரல் பட்டவுடன் ஒருமுறையும், விரல் எடுக்கும் நடுக்கத்தில் மறுமுறையும் அவை தொட்டன.

மின்கலத்தை ஒட்டியிருந்த பசையைச் சில துளி ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் விட்டு இளக்கி, பிளாஸ்டிக் தகட்டால் அவர் பொறுமையாகப் பிரித்தெடுத்தார். அந்த அரைமணி நேரமும் யாரையும் அருகில் நின்று புகைக்க விடவில்லை. எடுத்தவுடன் மேடு தணிந்தது, முற்றிலும் தணியவில்லை. பலகையை மேல் மூடியோடு பிணைக்கத் திருகாணிகளுக்குப் பதிலாகப் பல டஜன் பிளாஸ்டிக் முளைகளை உருக்கி நசுக்கி வைக்கிறார்கள். தொழிற்சாலைக்கு அது மலிவு, விரைவு. பழுதுபார்ப்பவனுக்கோ அது பூட்டு, சாவியில்லாத பூட்டு. நம் கணினியில் நடுப்பகுதியிலிருந்த ஆறு முளைகள் மாதக்கணக்கில் இழுபட்டு அறுந்திருந்தன. பலகையை முழுதும் மாற்றுவதானால் எல்லா முளைகளையும் சீவி எறிய வேண்டும். பிறகு புதுப் பலகையைப் பசையிட்டு நிறுத்தினால் சில மாதத்தில் அது மறுபடியும் நடுவில் எழும்பும் என்றார். முதற்கடையில் அவசரமாக மாற்றியிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய பலன் அதுதான். உப்பிய மின்கலமும் உள்ளேயே இருந்திருக்கும்.

அவர் செய்தது வேறு. அறுந்த ஆறு இடங்களிலும் சிறு வளையங்களை வைத்து, எபாக்ஸி பசையைக் குண்டூசி முனையளவே இட்டு, மேலே ஒரு தடித்த புத்தகத்தைப் பாரமேற்றி ஓர் இரவு விட்டுவிட்டார். பாரமாக அவர் வைத்த புத்தகம் எது என்று பார்த்தோம். கணினி அறிவியல் பாடநூல். இந்த ஒரு பணிக்காவது அது உதவிற்று என்று அவரே சிரித்தார்.

கணினி மெலிவதை ஒரு பெருமையாகக் கருதும் போக்குதான் இவ்வளவுக்கும் மூலம் என்பது நம் எண்ணம். ஆப்பிள் நிறுவனம் 2015-இல் விசைகளை இன்னும் மெலிதாக்க வண்ணத்துப்பூச்சி அமைப்பு என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. அதில் ஒரு தூசி புகுந்தாலும் விசை சிக்கும், அல்லது இரட்டிக்கும் என்று எழுதுவோர் பலர் முறையிட்டனர். 2018-இல் அந்நிறுவனம் இலவசமாகப் பழுதுபார்க்க முன்வந்தது. 2019-இல் பழைய கத்தரி அமைப்புக்குத் திரும்பத் தொடங்கியது. அமெரிக்காவில் தொடுத்த வழக்கில் 5 கோடி டாலர் தந்து தீர்த்துக்கொள்ள 2022-இல் இசைந்தது. சில மயிரிழை மெலிவுக்காகக் கொடுத்த விலை அது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றிய மின்கலச் சட்டமோ, சிறு சாதனங்களின் மின்கலத்தைப் பயனரே கழற்றி மாற்றத்தக்க வகையில் அமைக்க வேண்டும் என்று 2027 பிப்ரவரியைக் கெடுவாக வைத்திருக்கிறது. முன்பெல்லாம் மடிக்கணினியின் மின்கலம் ஒரு தாழை நகர்த்தினால் கையோடு வந்துவிடும். அந்த வசதியைப் பறித்துவிட்டு, இப்போது சட்டம் போட்டு மீட்க வேண்டியதாயிற்று!

மறுநாள் மாலை கணினி நம் கைக்கு வந்தது. அளவுகோல் ஆடவில்லை. ‘ப’ மட்டும் சற்றுக் கெட்டியாக அமிழ்கிறது, அதனால் தீங்கில்லை. அதுவரை தட்டச்சிட்டிருந்த நாற்பத்து மூன்று பக்கங்களையும் அச்செடுத்து, மாமி குறிப்பேட்டைக் கையில் வைத்துக்கொள்ள, சொல் சொல்லாக ஒத்துப் பார்த்தோம். பன்னிரண்டு மாலைகள் ஆயின. ஒற்று மிகுந்த இடங்கள் முப்பத்தொன்று. அவற்றில் இருபத்து நான்கு, படித்தவுடன் பல்லிளிக்கும் பிழைகள். ஏழு இடங்களில் மட்டும் நல்ல சொல்லே நின்றது. அந்த ஏழையும் மூலமில்லாமல், மாமியில்லாமல் எவராலும் கண்டிருக்க முடியாது. காதணி உரியவருக்கே திரும்பியது.

உப்பிய மின்கலத்தை என்ன செய்வது என்று அந்த இளைஞரிடம் கேட்டோம். குப்பைத் தொட்டியில் போடலாகாது என்பதற்கு அடையாளமாக, குறுக்குக் கோடிட்ட தொட்டிப் படம் அதன் மேலேயே அச்சிட்டிருக்கிறது. 2022-ஆம் ஆண்டு மின்கலக் கழிவு விதிகளின்படி, பழைய மின்கலங்களைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்விப்பது உற்பத்தியாளரின் கடமை. நடைமுறையில் அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நம் கடமையாக இருக்கிறது. முனைகளில் நாடா ஒட்டி, மணல் நிரப்பிய ஒரு தகர டப்பாவில் வைத்து, மின்னணுக் கழிவு பெறும் இடத்தில் ஒப்படைத்தோம். பெற்றுக்கொண்டவர் டப்பாவைத் திருப்பித் தரவில்லை.

புதிய மின்கலம், எண்பது விழுக்காட்டோடு மின்னேற்றத்தை நிறுத்திக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் மேசைமேலேயே இருக்கும் கணினிக்கு அது போதும். வாரம் ஒருமுறை அளவுகோலைக் குறுக்கே வைத்துப் பார்க்கிறோம். குறிப்பேட்டில் இன்னும் இருபத்தாறு பக்கங்கள் இருக்கின்றன. மாமிக்கு இந்த மாதக் கடைசியில் கண் அறுவை. அதற்கு முன் மருந்துக் குறிப்புகளையாவது முடித்துவிட வேண்டும் என்கிறார்.